ஆள் படுக்கிற பெட்டி

"ஆள் படுக்கணும். ஆனா பார்க்கிறவனுக்கு ஸ்பீக்கர் பெட்டியாத்தான் தெரியணும்" என்றான் கத்திரி. சொன்ன கையோடு பட்டறைக்காரியின் இடது சுண்டுவிரலை வளைத்து ஒடித்தான்.

ஷட்டர் இறங்கியிருந்தது. அவள் அலறல் அறுப்பு மெஷினின் இரைச்சலோடு போயிற்று.

"இது எதுக்குடா, பாவி?"

"நான் விளையாட வரலைன்னு உனக்குப் புரியணும்ல? பத்துல ஒண்ணுதானே போச்சு. பன்னெண்டு மணிக்கு வேன் வரும். பெட்டி ஊரைத் தாண்டணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையை அளந்து அறுத்தாள்.

"உன் தம்பி எங்க?"

"தெரியாது."

விட்டான் ஒரு அறை. உதடு கிழிந்து பலகையில் ரத்தம் சொட்டியது.

"தனியா சுத்துறானா, ஆளுங்களோடவா?"

"தெரியாதுங்கறேன்ல!"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நேற்று நட்ட நடுத்தெருவில் கத்திரி வெட்டிச் சாய்த்தது தம்பியின் உயிர்ச் சிநேகிதனை. பக்கத்தில் நின்று பார்த்தவன் தம்பி. சாட்சியை அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ புதைக்கத்தான் இந்தப் பெட்டி.

"மூலையெல்லாம் கெட்டியா இருக்கணும். எவன் உதைச்சாலும் பிரியக்கூடாது, ஆமா."

"என் பெட்டி என்னிக்குடா பிரிஞ்சிருக்கு?"

வாய்தான் அப்படிச் சொன்னது. இந்தப் பலகையின் விளிம்பில் முதலில் துளை போடாமல் திருகாணி இறக்கினால், உள்ளுக்குள்ளேயே பிளந்துகொள்ளும். பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அவள் செய்யாத தப்பு. இன்று இருபத்து நாலு இடத்தில் செய்தாள். மூலைக்குப் பசையும் வைக்கவில்லை. வெளியே தெரிந்த கீறல்களில், விரிசல் அடைக்கிற மரப் புட்டியைத் தேய்த்து மூடினாள். ஒடிந்த விரல் ஒவ்வொரு திருகுக்கும் உயிரை வாங்கியது.

பலமா ஒரு உதை விடுடா, தம்பி. பக்கம் பெயர்ந்து விழுந்திடும். எழுந்து ஓடிடு.

"என்ன, தடவிக்கிட்டே இருக்க? தாலாட்டும் பாடப்போறியா?" விலாவில் ஒரு உதை விட்டு அவளைத் தள்ளினான். மூடியை வைத்து, மேலே ஏறித் தங்குதங்கென்று குதித்தான். பக்கப் பலகைகள் நட்டுக்குத்தலாக நின்றதால் அந்தக் கனத்தைத் தாங்கிவிட்டன.

"பரவாயில்லையே! கைகாரிதான் நீ."

அப்போது தெருவில் நாலைந்து பைக்குகள் ஒன்றாக வந்து நின்றன. ஷட்டரில் கடப்பாரை விழுந்தது. ஒரு இடி, இரண்டு இடி. தகரம் உள்ளே வளைந்தது.

கத்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. மூடியை இழுத்தெறிந்துவிட்டு ஒரே தாவலில் பெட்டிக்குள் விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கினான்.

"மூடுக்கா, சீக்கிரம்! இந்தப் பெட்டியே எனக்குத்தான்! உன் தம்பி வந்துட்டான்!"