நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று

"வழக்கம்போல முன்நெத்தி வெள்ளை முடிக்குக் கறுப்பு அடிச்சிடலாமா, சார்?" என்று கேட்டார் சலூன்காரர்.

"வேணாம். சாயமெல்லாம் போற மாதிரி ஒட்ட வெட்டுங்க. அடியில முளைச்ச வெள்ளை பளிச்சுனு தெரியணும்" என்றார் வாடிக்கையாளர்.

"பள்ளிக்கூடத்துல 'சுண்ணாம்பு'ன்னு கிண்டல் பண்ணாங்கன்னு, கல்யாணத்தன்னிக்குக்கூட மறைச்சவராச்சே நீங்க!"

"இன்னைக்கு முக்கியமான ஒருத்தரை முதல்தடவையா பார்க்கப் போறேன்."

"அப்போ கண்டிப்பா மறைக்கணுமே!"

"மறைச்சா என்னை எப்படி அடையாளம் தெரியும்?"

வெட்டி முடித்ததும் வாடிக்கையாளர் தன் செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு பச்சைக் குழந்தை. கருகருவென்ற தலைமுடியில், நெற்றிக்கு மேல் மட்டும் வெள்ளைக் கீற்று.

"காலையில பிறந்தா, என் பொண்ணு. நோய் இல்ல, அப்பாவோட மரபணுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்கு எவனாவது 'சுண்ணாம்பு'ன்னு கூப்பிட்டா, 'ஆமா, எங்கப்பா மாதிரி'ன்னு அவ நிமிர்ந்து சொல்லணும்ல!"