மணி பார்க்கும் சிஸ்டர்

"பாத்ரூம் போறதைக்கூட மணி பார்த்து எழுதுறாங்க சார்! நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்?"

மேலாளரின் மேஜையில் புகார்க் கடிதத்தைப் பட்டென்று வைத்தாள் டயாலிசிஸ் நர்ஸ். ஒன்பது வருட சர்வீஸில் அவள் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

யாரைப் பற்றி என்று மேலாளர் கேட்கவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரின் நீல நோட்டு அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். யாராவது சாப்பிட எழுந்தால் போதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், எழுதுவார். ஏன் என்று கேட்டால், "உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுவார்.

"பத்து மெஷினுக்கு மூணே நர்ஸ். ஒருத்தருக்கு பிரஷர் இறங்குறப்பவே அடுத்த மெஷின் கத்துது. இதுல இந்த வேவு வேற. ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. இது ஒண்ணு போதும், அவங்களை இன்னைக்கே வேற பிரிவுக்கு மாத்திடலாம். எனக்கும்தான் தொல்லை. காலையில என்ன கொடுத்துட்டுப் போனாங்கன்னு பாருங்க."

ஒரு மனுவைக் கடுப்போடு தள்ளினார். பின்னால் நீல நோட்டின் பக்கங்கள் நகலெடுத்து இணைக்கப்பட்டிருந்தன. நர்ஸ் தன் பெயரைத் தேடிப் படித்தாள்.

'திங்கள்: காலை ஏழுக்கு வந்தாள். முதல் தடவை பாத்ரூம் போனது மூன்றே முக்காலுக்கு.

செவ்வாய்: மதியச் சாப்பாடு நாலு இருபதுக்கு. நின்றபடி, ஆறு நிமிஷம்.

புதன்: சாப்பிடவில்லை. ஸ்டோர் ரூமில் அழுதாள். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.'

மனு இப்படி முடிந்திருந்தது: 'இன்னும் இரண்டு நர்ஸ் வரும்வரை புது நோயாளி யாரையும் சேர்க்க மாட்டேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் என் மேல் எடுங்கள்.'

நர்ஸுக்கு அவமானமாக இருந்தது. இந்த மனுஷியையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம்?

"கோபத்துல கையெழுத்துப் போட மறந்துட்டீங்கம்மா." மேலாளர் சிரித்தபடி புகார்க் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். மனுவின் அடியில், இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே, தன் பெயரை அழுத்தி எழுதினாள்.

"பேனா என்கிட்டயே இருக்கட்டும் சார். டூட்டி முடிச்ச மத்த ரெண்டு பேரும் வெளியேதான் நிக்கிறாங்க."