குறிமுள்

துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்லினின் மேசையில், லீவர் இழுத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கியை வைத்தாள் மார்லிஸ். போன பருவத்தில் கரடி அவள் புருஷனைக் கிழித்தபோது அவன் கையில் இருந்தது அதுதான்.

"நாளைக்குப் பொண்ணு மலைக்கு வேட்டைக்குப் போறா. குழல் நுனிக் குறிமுள்ளை மாத்திக் குடுங்க, வெர்லின்."

"வெள்ளை மணி வச்சதா, பித்தளையா?"

"பனியில வெள்ளை எங்க தெரியுது? பித்தளையே போடுங்க. குண்டு இடப்பக்கமாவே போகுது."

வெர்லின் துப்பாக்கியைத் திருப்பி முள்ளைப் பார்த்தான். இடப்பக்கம் விலகும் குண்டைத் திருத்த, குழல் நுனி முள்ளையும் இடப்பக்கமே தட்ட வேண்டும். போன பருவத்தில் அவள் புருஷன் இதே குறையோடு கொண்டுவந்தபோது, வெர்லின் அவசரத்தில் வலப்பக்கம் தட்டிவிட்டான், சுட்டும் பார்க்கவில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"வேற கடைக்குப் போங்களேன், மார்லிஸ்."

"எதுக்கு? அந்தத் தப்பை இனிமே செத்தாலும் செய்யாத ஆளு, இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."