பங்களா ரொட்டி

"பொம்பளை சுட்ட ரொட்டியை யாரும்மா வாங்குவாங்க?"

கடை திறந்த அன்று அவளை இப்படிக் கேட்டவர், துரை பங்களாவுக்கே ரொட்டி போடும் எதிர்க்கடை முதலாளி.

சொன்னபடியே ஊரில் யாரும் வாங்கவில்லை. போர்வையால் தலையை மூடிய ஓர் அம்மா மட்டும் விடியுமுன் கொல்லைப்பக்கமாக வந்து, கூடை நிறைய வாங்கிப் போவாள். அவள் புண்ணியத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இன்று அந்த அம்மா வரவில்லை. துரையின் பட்லர் வந்தான்.

"இனிமே பங்களாவுக்கு ரொட்டி நீங்கதான் போடணும்க்கா."

"ருசி பார்க்காமலே கேக்குறீங்களே, தம்பி?"

"தினமும் உங்க ரொட்டிதானே திங்கிறோம்! திடீர்னு பூ மாதிரி இருக்கேன்னு துரைசாணி பாராட்டினாங்க. எதிர்க்கடைக்காரர் சம்சாரத்துக்கு மனசு கேக்கல. விடியுமுன்னே உங்ககிட்ட வாங்கித்தான் பங்களாவுக்குப் போடுறோம்னு சொல்லிட்டாங்க."

அவள் திகைத்துத் திரும்பினாள். கொல்லை வாசலில் காலிக் கூடையோடு நின்ற எதிர்க்கடை முதலாளி நடையைக் கட்டினார்.