பச்சைக்கு அடியில்

கிரேன் இறக்கியபோது அருங்காட்சியக வாசல் ஏவுகணையின் மூக்கு இரும்புத் தாங்கியில் இடித்து 'ணங்' என்றது.

பெயிண்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. கிரேன் ஓட்டும் மச்சினன் மேலேயிருந்து பல்லைக் காட்டினான்.

"என்ன மாமா, இதுக்கே இப்படி வேர்க்குது? வெடிமருந்தை எடுக்கணும்னு பட்டாளத்துக்காரங்க அப்பவே வந்து இதைத் திறந்தாங்கல்ல. உள்ள ஒண்ணுமே இல்ல, யாரோ ஏற்கெனவே எடுத்துட்டாங்கன்னு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

வாயால் சொல்வது சுலபம். மூக்கில் பழைய பெயிண்டைச் சுரண்டப் போகிறவர் அவரல்லவா?

போர் முடிந்த கையோடு ஊருக்கு இரண்டு ஏவுகணைகள் வந்தன. நிஜமானது ஒன்று, பயிற்சிக்கான வெற்றுக்கூடு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பச்சை அடித்து, நிஜத்தை அருங்காட்சியகத்தின் முன்னால் நிறுத்தினார்கள். கூட்டைப் பிள்ளைகள் ஏறி விளையாடட்டும் என்று தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நல்லவேளை, மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இங்கே என்ன ஆனாலும் பிள்ளை தப்பித்துவிடும்.

பையைத் துழாவினார். சின்னச் சுத்தியலைக் காணோம். அதுவும் நல்லதுக்குத்தான், இந்தச் சனியனைத் தட்டுகிற வேலையே வேண்டாம்.

காப்பாட்சியர் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பச்சைக்கு அடியில் மஞ்சள் பட்டை இருக்கும், நிஜத்துக்கு அதுதான் அடையாளம், அது அழியக் கூடாது. பயிற்சிக் கூட்டுக்கு நீலப் பட்டை.

உப்புத்தாளைப் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி வைத்துத் தேய்த்தார். பச்சை உரிந்தது.

அடியில் நீலம்.

சுற்றி வந்து தேய்த்தார். எல்லாப் பக்கமும் நீலம்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். 'ணங்.' கோயில் மணி தோற்றது.

"அடேய், இத்தனை வருஷமா வெத்து டப்பாவுக்காடா பயந்து செத்தோம்!"

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெயிண்டரும் சிரித்தார். பாதியிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

இது கூடு. பட்டாளத்துக்காரர்கள் திறந்து பார்த்ததும் இதைத்தான்.

இன்னொன்றை யாரும் திறக்கவே இல்லை.

காலையில் தலை பின்னும்போது மகள் ஏதோ குறைப்பட்டுக்கொண்டாள். அரைக் காதில்தான் விழுந்தது. எங்கள் ஏவுகணை மோசம்ப்பா, கல்லால் எவ்வளவு அடித்தாலும் சத்தமே வரவில்லை, இன்றைக்கு வேறு எதையாவது வைத்து அடித்துப் பார்க்கப் போகிறோம் என்றாள். வேலைப் பை அவள் காலடியில் திறந்து கிடந்தது.

பெயிண்டர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரஷ்களும் டப்பாக்களும் உருண்டோடின. சுத்தியல் இல்லை.

தெருமுனையில் இடைவேளை மணி அடித்தது.