துணிக்கு அடியில் ஒரு கை

மழையில் ஓடுதளம் தெரியாமல் இரண்டு முறை இறங்கப் பார்த்த சரக்கு விமானம், மூன்றாம் முறை மலையில் மோதியது. இறந்த மூவரில் ஒருவன் சரக்கை அடுக்கிக் கட்டும் சம்பத். அவன் அப்பா நாச்சிமுத்து மாட்டுத் தரகர். நாற்பது வருஷமாகக் கிழட்டு மாட்டை இளமாடென்று தள்ளிவிட்டவர். இரண்டு நாள் பஸ்ஸிலும் பெஞ்சிலும் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய்ச் சவக்கிடங்குக்குள் வந்தார்.

"முகம் பார்க்க வேண்டாங்க ஐயா," என்றாள் டாக்டர். "வலது கை நல்லா இருக்கு. பார்த்து, உங்க பையன்தானான்னு சொன்னா போதும்."

"துணியை எடுக்காதீங்க அம்மிணி. சந்தையில துண்டுக்கடியில வெரலைத் தொட்டுத்தானுங்க வெலை பேசுவோம். கண்ணை ஏமாத்தறதுதான் எங்க பொழப்பே. கை சொல்லட்டும்."

வெள்ளைத் துணிக்குள் கையை விட்டு ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். சின்ன வயதில் மாட்டுக்கயிறு அறுத்துத் தழும்பான மகனின் சுண்டுவிரலுக்கு வந்ததும் அவர் கை நின்றது. தரகர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது, தெரியவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் வைத்தாள்.

"உங்க பையன்தானுங்களா?"

"அவனேதானுங்க."

"அப்போ கையை எடுத்துக்கலாமே ஐயா. வெளியே இன்னொரு குடும்பம் காத்திருக்கு."

"எடுக்கலாமுங்க. மொதல்ல கையை உருவுறவந்தான் பேரத்தை முறிச்சவன்னு சந்தையில பேச்சு," என்றார் நாச்சிமுத்து. "அவன் உருவட்டும்னு பாக்கறேன்."