ரோபோதான் வேணும்

"எனக்கு ரோபோதான் வேணும்," என்றாள் நோலீன்.

போன் பேசிவிட்டு அப்போதுதான் அறைக்குள் திரும்பிய மகள் கர்ஸ்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வெளியே போகும்போது எல்லாம் முடிவாகியிருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை லேப்ரோஸ்கோப்பி, பித்தப்பையை எடுத்துவிட்டு அன்றைக்கே வீடு.

"என்னம்மா இது? ரெண்டும் ஒண்ணுதான்னு டாக்டரே சொன்னாங்களே."

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் ஃபோனோட்டி பொறுமையாக மறுபடி சொன்னார்.

"ரெண்டுலயும் வயித்துல சின்னச் சின்ன ஓட்டைங்கதான். கேமராவுல பார்த்துக்கிட்டே நான்தான் செய்யறேன். லேப்ரோஸ்கோப்பின்னா கருவி என் கையில. ரோபோன்னா கருவி அதோட கையில, அதை ஆட்டி வைக்கறது நான். உங்களுக்கு இருக்கற கல்லுக்கு அது அவசியமே இல்ல. குணமாகறதும் ஒரே மாதிரிதான். அதோட, ரோபோவுக்கு அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வாரம் வியாழன்தான் இடம் இருக்கு. ஒன்பது நாள் தள்ளிப் போயிடும்."

"போகட்டும்."

"அதுக்குள்ள வலி வந்தா?" என்றாள் கர்ஸ்டி.

"பல்லைக் கடிச்சுக்கறேன்."

"அதெல்லாம் கூடாது," என்றார் டாக்டர். "வலி வந்தாலும் காய்ச்சல் அடிச்சாலும் உடனே இங்க வந்துடணும்." அரை மனதோடு தேதியை மாற்றி எழுதினார்.

காரில் ஏறியதும் கர்ஸ்டி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. பக்கத்து வீட்டு மோரீனுக்கு ரோபோ வச்சு ஆபரேஷன் ஆச்சு. நீங்க பந்து உருட்டப் போற பௌல்ஸ் கிளப்புல ஒரு மாசமா அதே பேச்சு. உடனே உனக்கும் ரோபோ."

"மோரீன் பேச்சக் கேட்டா ரோபோவுக்கே வயித்தை வலிக்கும்."

"சிரிக்காத. மைக்ரோவேவ் வாங்கிக் குடுத்தா, அதைப் போடவே பயந்து, ரொட்டி வைக்கற டப்பாவா ஆக்கிக்கற ஆளு நீ. போன மாசம் சமையல்கட்டுத் தரையில சுருண்டு கிடந்தியே, ஞாபகம் இருக்கா? ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போச்சு. மறுபடி அப்படி ஆனா நான் என்ன பண்ணுவேன்? வெறும் வீம்புக்கு ஒன்பது நாளா?"

நோலீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி இருந்த இன்வர்கார்கில் நகரத்தைத் தாண்டி, வீட்டுக்குப் போகும் வழியில் வின்டனில் ஒரு பேக்கரி வாசலில் கர்ஸ்டி வண்டியை நிறுத்தினாள். தனக்குச் சுடச்சுட சீஸ் ரோல். கொழுப்பு ஆகாத அம்மாவுக்கு வெண்ணெய் தடவாத ரொட்டி. வேண்டுமென்றே அம்மாவுக்கு எதிரிலேயே ருசித்துத் தின்றாள்.

"வாசனையாவது பிடிச்சுக்கோ. உன் ரோபோ வர்ற வரைக்கும் உனக்குக் காஞ்ச ரொட்டிதான்."

நோலீன் ஒரு வாய் மென்று விழுங்கினாள்.

"அந்தப் பொண்ணு உண்டாயிருக்கு," என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"டாக்டர்தான். நீ போன் பேசப் போனதும் ஃபைல் எடுக்க எழுந்துது. ஒரு கை மேஜையில, ஒரு கை இடுப்புல. கேட்டேன். ஆறு மாசமாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன எப்படிச் செய்வேன்னு கேட்டா, பக்கத்துல நின்னுக்கிட்டுதான்னுச்சு. ரோபோன்னா எப்படின்னேன். அது தள்ளி ஒரு நாற்காலியில உக்காந்துக்கிட்டே செய்யறதாம்."

கர்ஸ்டி சீஸ் ரோலைக் காகிதத்தோடு கீழே வைத்தாள்.

"நீ வயித்துல இருந்தப்ப எனக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கற கொட்டகையில வேலை. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரோமம் பிரிக்கற மேஜையண்ட நிக்கணும். காலு வீங்கி பூட்ஸுக்குள்ள போகாது. உக்காருன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

கர்ஸ்டியின் குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா. ஆனா நீ ஒருத்தி மாத்திக்கிட்டா ஆச்சா? மத்தவங்களுக்கெல்லாம் அவங்க நின்னுதானே ஆகணும்?"

"ஆகணும்தான்," என்றாள் நோலீன். "எனக்குச் செய்யற ஒரு மணி நேரமாவது உக்காரட்டுமே."